13,000 கிலோமீட்டரும் 35 அடியும்

2011 ஏப்ரல் 2ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்கு எங்கே இருந்தீர்கள் என்று கேட்டால் நம்மில் பலர் யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவோம். வான்கடே மைதானத்தில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். நான் அப்போது எம்.இ. கடைசி வருடம். விடுதி மெஸ்ஸில் பெஞ்சுகளை எல்லாம் டிவி பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இந்தியா துரத்திக்கொண்டிருந்தது. தட்டில் சப்பாத்தி விறைத்துப் போனதை யாரும் கவனிக்கவில்லை.

அதே நேரம் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் காலை 9.34. ராஸ்வெல் விமான நிலையத்தில் ஒரு புது விமானம் சோதனைக்காக ஓடுபாதையில் வேகமெடுத்தது. மூக்கைத் தூக்கி, சக்கரம் தரையை விட்ட கொஞ்ச நேரத்திலேயே வலப்பக்கம் சாய்ந்தது. வலது இறக்கையின் நுனி ஓடுபாதையில் உரசியது. அப்படியே பாதையை விட்டு விலகிச் சறுக்கிப்போய் கான்கிரீட் கட்டுமானம் ஒன்றில் மோதித் தீப்பிடித்தது. உள்ளே இரண்டு விமானிகள், இரண்டு சோதனைப் பொறியாளர்கள். நான்கு பேரும் இறந்துபோனார்கள்.

விமானத்தின் பெயர் கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி650. கம்பெனிகளும் பணக்காரர்களும் சொந்தமாக வைத்துக்கொள்ளும் பிசினஸ் ஜெட். நான் இதைப் படித்தது இரண்டு மூன்று நாள் கழித்து, வெற்றிக் கொண்டாட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு. பத்துவரிச் செய்தி. அன்றிலிருந்து இந்த விமானத்தை நான் விடவில்லை. இப்போது ஏரோநாட்டிகல் மாணவர்களுக்கு விமான இயக்கவியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு மாணவர் நெடுந்தூர பிசினஸ் ஜெட் பற்றி செமினார் எடுக்கிறார். முதல் ஸ்லைடிலேயே தூரம் வந்துவிடும்: 7,500 கடல் மைல். வகுப்பே வாயைப் பிளக்கும். வாயைப் பிளக்க வேண்டிய எண்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்த விமானத்தின் கதை அந்த எண்ணில் மட்டும் இல்லை. அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்ஃப்ஸ்ட்ரீம் பரம்பரை 1958-இல் தொடங்குகிறது. கிரம்மன் கம்பெனி கட்டிய ஒரு டர்போபிராப் விமானம்தான் முதல் கல்ஃப்ஸ்ட்ரீம். இப்போது கம்பெனி ஜார்ஜியா மாநிலத்து சவானா நகரில் இருக்கிறது. 1995 நவம்பரில் முதல்முறை பறந்த ஜி-ஃபைவ் 6,500 கடல் மைல் போகக்கூடியது. மறுவருடமே கனடாவின் பம்பார்டியே தன் குளோபல் எக்ஸ்பிரஸைப் பறக்கவிட்டது. நியூயார்க்கிலிருந்து டோக்கியோவுக்கு எங்கும் இறங்காமல் போவது என்ற போட்டி அங்கேயிருந்து சூடுபிடித்தது. 2005-இல் பிரான்சின் தசோ நிறுவனம் ஃபால்கன் 7எக்ஸைப் பறக்கவிட்டது. ஃபிளை-பை-வயர் முறையில், அதாவது விமானியின் கைக்கும் இறக்கைப் பலகைக்கும் நடுவே கேபிளும் கப்பியும் இல்லாமல் மின்சைகையும் கம்ப்யூட்டரும் மட்டும் இருக்கும்படி வந்த முதல் பிசினஸ் ஜெட் அது. சவானாக்காரர்கள் 2008 மார்ச்சில் பதில் சொன்னார்கள். அந்தப் பதில்தான் ஜி650. 2009 நவம்பர் 25-இல் முதல் பறப்பு.

அந்த விமானத்தில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். 15 மணி நேரம் ஒரு குழாய்க்குள் உட்கார்ந்திருப்பவரின் உடம்பைப் பற்றி அதை வடிவமைத்தவர்கள் நிஜமாகவே யோசித்திருக்கிறார்கள். நாம் டிக்கெட் வாங்கி ஏறும் சாதாரண ஜெட்களில் கேபின் காற்றழுத்தம் 8,000 அடி உயரத்துக்குச் சமமாகும் வரை விடலாம். ஊட்டியைவிடவும் மேலே. ஜி650 அதன் உச்ச வரம்பான 51,000 அடியில் பறக்கும்போதும் உள்ளே 4,850 அடிதான். ஏற்காட்டில் உட்கார்ந்திருப்பது மாதிரி. ஆனால் வெளியே காற்று அவ்வளவு மெலிந்திருக்கும்போது உள்ளே ஏற்காட்டு அழுத்தத்தை அடக்கிவைப்பதென்றால், விமானத்தின் உடல் ஊதிய பலூன் மாதிரி எந்நேரமும் வெளியே தள்ளப்பட்டுக்கொண்டே இருக்கும். முழு வட்டமான குழாய்தான் அதைச் சுலபமாகத் தாங்கும். ஜி650-இன் குறுக்குவெட்டோ வட்டம் இல்லை, தோள்பட்டைக்கும் தலைக்கும் இடம் கிடைக்கிற மாதிரி முட்டை வடிவம். அதன்மேல் 28 அங்குல அகலத்தில் 16 நீள்வட்ட ஜன்னல்கள். அழுத்தம் தாங்க வேண்டிய சுவரில் இத்தனை பெரிய ஓட்டைகள் போட்டும் எடையை ஏறவிடாமல் வைத்திருப்பது லேசான வேலை இல்லை.

சரி, தூரத்துக்கு வருவோம்.

ஒரு ஜெட் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பிரெகே சமன்பாடு என்று ஒன்று உண்டு. மாணவர்கள் மனப்பாடம் செய்துவிடுவார்கள். அதைப் பேச்சுத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: எஞ்சின் எரிபொருளை எவ்வளவு சிக்கனமாகக் குடிக்கிறது, இறக்கை எவ்வளவு குறைந்த இழுவைக்கு எவ்வளவு தூக்கு விசை தருகிறது, கிளம்பும்போது மொத்த எடையில் எரிபொருளின் பங்கு எவ்வளவு. வேகத்தையும் சேர்த்துக்கொண்டால் கணக்கு முடிந்தது.

ஜி650-க்கு எஞ்சின் பெர்லினுக்குப் பக்கத்தில் டாலெவிட்ஸ் என்ற ஊரில் ரோல்ஸ்-ராய்ஸ் கட்டிய பிஆர்725. ஒவ்வொன்றும் 16,900 பவுண்டு உந்துவிசை. இறக்கையை 36 டிகிரி பின்னோக்கிச் சாய்த்துப் புதிதாக வடித்தார்கள். ஒலியின் வேகத்தை நெருங்கும்போது இழுவை திடீரென்று எகிறும். சாய்ந்த இறக்கை அந்த எகிறலைத் தள்ளிப்போடும். அதனால்தான் மாக் 0.925 வரை, அதாவது ஒலிவேகத்தில் 92.5 சதவீதம் வரை, பறக்க அனுமதி வாங்கினார்கள். 2010 ஆகஸ்டில் ஒரு சோதனையில் மூக்கைக் கவிழ்த்துப் பாய்ந்து மாக் 0.995 வரை தொட்டுப் பார்த்தார்கள். ஒலிவேகத்துக்கு மயிரிழை குறைவு.

எரிபொருள் பங்கைப் பாருங்கள். 2014-இல் வந்த, இன்னும் அதிக தூரம் போகும் ஈஆர் வகையின் உச்ச புறப்பாட்டு எடை 1,03,600 பவுண்டு, சுமார் 47 டன். அதில் 48,200 பவுண்டு எரிபொருள், ஏறக்குறைய 22 டன். கிளம்பும்போது அந்த விமானத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாக எரிபொருள்தான். பழைய ஜி650-ஐவிட ஈஆரில் கூடுதலாக ஏற்றிய 4,000 பவுண்டு எரிபொருளுக்குக் கிடைத்தது 500 கடல் மைல். 7,000 என்பது 7,500 ஆனது. கிலோமீட்டரில் சொன்னால் கிட்டத்தட்ட 13,000 என்பது 13,900 ஆனது.

இதில் வேகத்துக்குக் கொடுக்கும் விலையை மாணவர்கள் கவனிப்பதே இல்லை. 7,500 கடல் மைல் என்பது மாக் 0.85-இல் போனால். 0.90-இல் போனால் அதே விமானம், அதே எரிபொருள், 6,400 கடல் மைல்தான். அந்த உயரத்தில் இரண்டு வேகத்துக்கும் வித்தியாசம் மணிக்கு 50 கிலோமீட்டர் சொச்சம். அதற்காக 2,000 கிலோமீட்டரை விட்டுக்கொடுக்க வேண்டும். வகுப்பில் கரும்பலகையில் இந்த இரண்டு எண்களையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதினால் பின்பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

காற்றும் கணக்கில் உண்டு. 2019 மார்ச்சில் ஒரு ஜி650ஈஆர் சிங்கப்பூரிலிருந்து கிளம்பி அரிசோனாவின் டூசானில் போய் இறங்கியது. 8,379 கடல் மைல், 15 மணி 23 நிமிடம். விளம்பரத் தூரத்தைவிட 879 கடல் மைல் அதிகம். சராசரி வேகம் தரைக்கு மணிக்கு 1,000 கிலோமீட்டருக்கும் மேல் வருகிறது. மாக் 0.85 அந்த உயரத்தில் சுமார் 900தான். மிச்சத்தைக் கொடுத்தது பசிபிக் மேல் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் காற்றாறு. அதே வருடம் ஜூலையில், அப்போலோ 11 நிலவில் இறங்கிய 50ஆம் ஆண்டை ஒட்டி, கத்தார் எக்ஸிக்யூட்டிவின் ஜி650ஈஆர் ஒன்று இரண்டு துருவங்களையும் தாண்டி உலகைச் சுற்றியது. ஃபுளோரிடாவில் கிளம்பி வட துருவம், கஜகஸ்தான், மொரீஷியஸ், தென் துருவம், சிலி, மறுபடி ஃபுளோரிடா. 46 மணி 39 நிமிடம் 38 விநாடி. நடுவில் எரிபொருளுக்காக இறங்கியது மூன்றே இடம்.

இவ்வளவு தூரம் போகிற விமானத்துக்கு எது கஷ்டம்? 51,000 அடி உயரமா, துருவக் குளிரா, 15 மணி நேர ஓட்டமா? நான் சொல்வேன், முதல் 35 அடி.

யோசித்துப் பாருங்கள். நெடுந்தூரம் வேண்டுமென்றால் எரிபொருளை அள்ளிப் போட வேண்டும், விமானம் கனக்கும். வேகம் வேண்டுமென்றால் இறக்கையைச் சாய்க்க வேண்டும், சாய்ந்த இறக்கைக்குக் குறைந்த வேகத்தில் தூக்கு விசை போதாது. அதோடு, இறக்கையின் முன்விளிம்பில் பெரிய விமானங்களுக்கு இருக்கும், குறைந்த வேகத்தில் தூக்கு விசையைக் கூட்டும் ஸ்லாட் பலகைகள் இந்த விமானத்துக்குக் கிடையாது. எடையும் குறைவு, சிக்கலும் குறைவு. இத்தனையையும் செய்துவிட்டு, விமானம் வாங்குபவர் சின்ன ஓடுபாதை உள்ள ஊருக்கும் போக வேண்டுமென்கிறார். பிசினஸ் ஜெட்டின் பெருமையே அதுதானே. ஜி650-க்கு கல்ஃப்ஸ்ட்ரீம் கொடுத்த வாக்கு: முழு எடையோடு, கடல்மட்டத்தில், 6,000 அடி ஓடுபாதை போதும். ஆக, 13,000 கிலோமீட்டர் பயணத்தின் கணக்கு முழுவதும் அந்த 6,000 அடிக்குள் வந்து அடங்க வேண்டும்.

புறப்பாட்டில் வி-ஒன், வி-டூ என்று இரண்டு வேகங்கள் உண்டு. வி-ஒன் தாண்டிய பிறகு ஒரு எஞ்சின் போனாலும் பிரேக் போடக் கூடாது, மேலேறியே ஆக வேண்டும். அப்படி ஒற்றை எஞ்சினோடு ஓடுபாதைக்கு மேல் 35 அடி உயரத்தை எட்டும்போது இருக்க வேண்டிய வேகம்தான் வி-டூ. அது எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு குட்டையான ஓடுபாதை போதும். ஆனால் குறைக்கக் குறைக்க ஸ்டால் பக்கத்தில் வந்து நிற்கும். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம், தாக்குகோணம், ஒரு எல்லையைத் தாண்டினால் இறக்கையை ஒட்டி வழுக்கிப் போகும் காற்று பிய்த்துக்கொள்ளும், தூக்கு விசை சரிந்துவிடும். அதுதான் ஸ்டால்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, அதற்கு நான் மாணவர்களைப் பழவேற்காட்டு ஏரிக்குக் கூட்டிப்போயிருக்கிறேன். படகில் உட்கார்ந்து பார்த்தால் கூழைக்கடா தண்ணீருக்கு ஒரு சாண் மேலே இறக்கையை அசைக்காமல் போய்க்கொண்டே இருக்கும். அவ்வளவு கனத்த பறவை, ஒரு அடிகூட அடிக்காமல். இறக்கை நுனி தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் கோடு கிழித்துக்கொண்டு போகும். தரையோ தண்ணீரோ மிக அருகில் இருந்தால் இறக்கை நுனியில் சுழலும் காற்று சரியாகச் சுழல முடியாது. இழுவை குறையும், அதே கோணத்துக்குத் தூக்கு விசை கூடும். தரை விளைவு என்பது அது. இதுவரை நல்ல செய்தி. ஆனால் அதே தரை விளைவில், ஸ்டால் வரும் கோணம் குறைந்துவிடுகிறது. 1,000 அடியில் தாங்கும் கோணத்தை 10 அடியில் இறக்கை தாங்காது. எவ்வளவு குறையும் என்பது ஒவ்வொரு இறக்கைக்கும் ஒவ்வொரு மாதிரி.

ஜி650-க்கு அந்தக் கோணத்தை சுமார் 13 டிகிரி என்று கணித்து வைத்திருந்தார்கள். உண்மையில் சுமார் 11 டிகிரியிலேயே ஸ்டால் வந்தது. அந்த இரண்டு டிகிரி தப்புதான் எல்லாவற்றுக்கும் அடிவேர். ஸ்டால் நெருங்கினால் விமானியின் கைப்பிடியை அதிரவைத்து எச்சரிக்கும் கருவி ஒன்று உண்டு. அதையும் அந்தத் தப்பான கோணத்தை நம்பியே அமைத்திருந்தார்கள். ஆகவே அது அதிர்வதற்கு முன்பே இறக்கை கைவிட்டுவிடும்.

ராஸ்வெல்லில் அன்று செய்தது ஒற்றை எஞ்சின் புறப்பாட்டுச் சோதனை. ஓடும்போதே வலது எஞ்சினைக் குறைத்துவிட்டு மேலேற வேண்டும். இலக்கு வி-டூ 135 நாட், மணிக்கு 250 கிலோமீட்டர். அதற்கு முந்தைய சோதனைகளில் எல்லாம் 35 அடி வரும்போது வேகம் இலக்கைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. இலக்கே தப்பு, அந்த வேகத்தில் இந்த விமானம் பறக்காது என்பதைத்தான் விமானம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் குழு, விமானியின் கைமுறையில்தான் கோளாறு என்று எடுத்துக்கொண்டது. மூக்கைத் தூக்கும் விதத்தை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். இன்னும் வெடுக்கென்று, இன்னும் கூடுதல் கோணத்துக்கு. அன்று காலையும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

எனக்கு இன்றும் மனதை அறுப்பது அதற்கு முன்னால் நடந்த இரண்டு சம்பவங்கள். 2010 நவம்பரில் 88ஆவது பறப்பு. 2011 மார்ச் 14-இல், விபத்துக்கு மூன்றே வாரம் முன்பு, 132ஆவது பறப்பு. இரண்டிலும் புறப்படும்போது விமானி கேட்காமலே வலது இறக்கை தொங்கியது. இரண்டிலும் விமானி எப்படியோ சமாளித்து மீட்டுவிட்டார். மூக்கை அளவுக்கு மேல் தூக்கிவிட்டோம் என்று முதலாவதற்குக் காரணம் எழுதினார்கள். இரண்டாவதையும் ஸ்டால் என்று யாரும் படிக்கவில்லை. விமானத்தின் பதிவுக் கருவியில் கோணம், வேகம், சாய்வு எல்லாம் இருந்தன. அந்த 11 டிகிரி அங்கேயே இருந்தது.

2012 அக்டோபரில் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தன் முடிவைச் சொன்னது. புறப்பாட்டு வேகங்களைச் சரியாக உருவாக்கிச் சரிபார்க்காதது, தப்பான குறைந்த வேகத்தை எட்டியே தீர வேண்டுமென்று குழு மேலும் மேலும் முயன்றது, முந்தைய சாய்வுகளை ஒழுங்காக விசாரிக்காதது. 2011-க்குள் சான்றிதழ் வாங்கிவிட வேண்டுமென்ற இறுக்கமான கால அட்டவணையையும் விசாரணை கேள்வி கேட்டது.

இதை வாசிக்கும்போதெல்லாம் என் சொந்த அனுபவம் ஒன்று குறுக்கே வரும். அந்த 2011 கோடையில் நான் காற்றுச் சுரங்கத்தில் இருந்தேன். ஒரு கை நீள மரச் சிறகு. அதன்மேல் வரிசையாகக் கம்பளி நூல் துண்டுகள் ஒட்டியிருந்தேன். காற்று ஒழுங்காகப் போனால் நூல்கள் எல்லாம் வாரிவிட்ட தலைமுடி மாதிரி படிந்து கிடக்கும். ஸ்டால் வந்தால் முதலில் ஒரு நூல் தலையைத் தூக்கும், அப்புறம் நாலைந்து, அப்புறம் ஒரு பகுதி முழுக்கப் பித்துப் பிடித்த மாதிரி முன்னும் பின்னும் சுழலும். ஒரு நாள் சாயங்காலம் ஒரு அளவீடு மட்டும் மற்றவற்றோடு சேராமல் கீழே விழுந்தது. கோணத்தைப் பிடித்துவைக்கும் திருகு நழுவியிருக்கும் என்று நானே முடிவு கட்டினேன். வரைபடத்தில் அந்தப் புள்ளியை விட்டுவிட்டு அழகாக வளைகோடு போட்டுக் கொண்டுபோய் நீட்டினேன். என் கைடு எதுவும் பேசவில்லை. அளவீட்டு நோட்டைக் கேட்டு வாங்கினார். வரைபடத்தில் அந்தப் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டார். "ஏம்மா, இது எங்க போச்சு?" என்றார். திருகு நழுவியிருக்கும் சார் என்றேன். "நழுவுச்சா, நழுவியிருக்குமா?" என்றார்.

மறுநாள் திருகைப் பார்த்தேன். நழுவவில்லை. அதே கோணத்தில் ஐந்து முறை அளந்தேன். மூன்று முறை அதே கீழ் அளவு வந்தது. நுனிக்குப் பக்கத்து நூல்கள் தலையைத் தூக்கியிருந்தன. நான் அதுவரை அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

மரச்சிறகில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. ராஸ்வெல்லில் நான்கு பேர் இருந்தார்கள். 132ஆவது பறப்பின் பதிவை அந்தக் குழுவில் யாராவது ஒருவர் நோட்டை வாங்கி இப்படி வட்டம் போட்டுக் கேட்டிருந்தால் என்று நினைக்காமல் என்னால் இருக்க முடியவில்லை. அங்கே இருந்தவர்கள் யாரும் அஜாக்கிரதையானவர்கள் இல்லை. அனுபவசாலிகள், வேலையை நேசித்தவர்கள். எதிர்பார்த்த எண் மனதில் ஊறியிருந்தால், வந்த எண் கண்ணில் படாது. அது எனக்கே நடந்தது.

விபத்துக்குப் பிறகு பறப்புகளை நிறுத்தி, 2011 மே மாதக் கடைசியில் மறுபடி தொடங்கினார்கள். தரைவிளைவில் ஸ்டால் கோணத்தைத் திருத்தினார்கள், புறப்பாட்டு வேகங்களை உயர்த்தினார்கள். 2012 செப்டம்பர் 7-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான எஃப்.ஏ.ஏ. முழுச் சான்றிதழ் கொடுத்தது. அந்த வருடக் கடைசியிலேயே முதல் விமானம் வாடிக்கையாளர் கைக்குப் போனது. 2014ஆம் ஆண்டுக்கான காலியர் விருது, அமெரிக்க விமானத் துறையின் பெரிய கௌரவம், ஜி650-க்குக் கிடைத்தது. அதன் வாரிசாக 2025-இல் சான்றிதழ் பெற்ற ஜி800 இப்போது 8,200 கடல் மைல் போகிறது.

சான்றிதழ் பெற்ற ஜி650-இன் விவரத்தாளை எடுத்தால், தூரம், வேகம், உயரம் எல்லாம் கடந்து கீழே புறப்பாட்டுத் தூரம் என்று ஒரு வரி இருக்கும். முழு எடை, கடல்மட்டம்: 5,858 அடி. வேகங்களை உயர்த்திய பிறகும், வாக்குக் கொடுத்த அந்த 6,000 அடிக்குள்ளேயே அது அடங்கியது.